கழலாத போல்ட்

பைக்கின் பின் ஷாக்கை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரை, மாற்றுவது சொல்லக் கேட்டால் சின்ன வேலைதான். நடுவில் ஒரே ஷாக் உள்ள மோனோ ஷாக் வண்டியாக இருந்தால் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். இரண்டையும் உருவினால் பழையது கையோடு வந்துவிடும். புதியதை வைத்து முடுக்கினால் முடிந்தது. சர்வீஸ் புத்தகத்தில் இதற்கு நாலு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் அந்த இரண்டில் ஒன்று வராது, பெரும்பாலும் கீழே இருப்பது. அதைப் பற்றிப் புத்தகம் வாயே திறக்காது. அந்த ஒரு போல்ட்டுக்காகத்தான் இந்தப் பதிவு. வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிறவர்களுக்கும், பட்டறை வாசலில் நின்று மெக்கானிக்கின் கையைக் கவனிக்கிறவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டி. இது என் சித்தப்பாவுடையது, 150 சிசி. அவர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் வேலை பார்த்த காலமெல்லாம் அங்கேதான் ஓடியது. ராத்திரி நின்றதும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மேலே ஓலை மட்டும் வேய்ந்த இடத்தில். ஓய்வு பெற்று மதுரைக்குத் திரும்பியபோது வண்டியையும் கொண்டுவந்தார். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பின் ஷாக் மட்டும் போயிருந்தது. சீட்டை அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். இது நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. தண்டில் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முதுகு முழுக்கத் தெரிந்தது. “பேசாம வித்துரலாம்டா” என்றார் சித்தப்பா. எனக்கு மனசு வரவில்லை. நான் கிளட்ச் பிடிக்கப் பழகியதே அந்த வண்டியில்தான்.

மண்டபத்துக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் போல்ட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். கடலோரத்தில் உப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது. உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் நிறுத்தி வைக்கும். துரு என்பது மின்வேதி வினை. உப்பு கரைந்த ஈரத்தில் மின்னோட்டம் தடையில்லாமல் போவதால் துருவும் வேகமாக ஏறும். காரைக்குடியில் சிக்ரி என்று எல்லாரும் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்டது, அவர்கள் துரு ஆய்வுக்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இரும்பை அரிப்பதில் அந்த ஊர்க் காற்று அவ்வளவு தேர்ந்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரித்துப்போய், 2022 டிசம்பரில் அதில் ரயில் விடுவதையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், அரிப்பைத் தாங்கும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. வருஷக் கணக்கில் அதே காற்றில் நின்ற ஒரு 10 எம்எம் போல்ட்டின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

நம்ம வண்டி கடலைப் பார்த்ததே இல்லை என்று மதுரைக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஷாக்கின் கீழ் போல்ட் பின் டயருக்கு நேர் முன்னால் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டயர் வாரி அடிக்கிற சேறெல்லாம் முதலில் போய் அப்புவது அங்கேதான். அப்புறம் வாட்டர் சர்வீஸ். ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரைப் பிரஷர் கன்னில் ஷாக் அடியில் பாய்ச்சினால், சும்மா நனைந்தால் போகாத இடுக்குக்குள்ளும் அது போய்விடும். உள்ளே போன தண்ணீர் காய வழியில்லை. வெளியே வண்டி பளபளவென்று நிற்கும், உள்ளே போல்ட் ஊறிக்கொண்டிருக்கும்.

இனி அந்த இடத்தின் அமைப்பு. பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மில் இரும்புத் தகட்டால் ஆன இரண்டு காதுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஷாக்கின் அடி வளையம் உட்காரும். வளையத்துக்குள் ரப்பர் புஷ், ரப்பருக்குள் ஓர் இரும்புக் குழாய். ஸ்லீவ் என்பார்கள். போல்ட் ஒரு காதில் நுழைந்து, ஸ்லீவுக்குள் போய், மறு காது வழியாக வெளியே வந்து நட்டில் முடியும். ஸ்லீவுக்கும் போல்ட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மயிரிழை இடத்தில் அது உருவாகும்போது போக வேறு இடமில்லாமல் இரண்டு பக்கமும் நெருக்கி, போல்ட்டையும் ஸ்லீவையும் ஒரே கம்பியாக்கிவிடுகிறது.

போல்ட் வரவில்லை என்றதும் கை தானாகச் சுத்தியலுக்குப் போகும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எது எதோடு ஒட்டியிருக்கிறது? நட் மரையோடு பிடித்திருக்கிறதா, போல்ட் காதுத் துளையில் பிடித்திருக்கிறதா, ஸ்லீவுக்குள்ளா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்ய வேண்டிய வேலை மூன்றுக்கும் வேறு வேறு.

எங்கள் வண்டியில் நட் வந்துவிட்டது. அதற்கும் கொஞ்சம் பக்குவம் வேண்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரிந்த மரையைச் சுத்தமாகத் தேய்த்தேன். மரையில் மண் இருந்தால் நட் அதன் மேல் ஏறி நடுவழியில் நின்றுவிடும். ஸ்பேனரைப் பொறுத்தவரை ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் என் தேர்வு. பன்னிரண்டு முனை ரிங் நல்ல நட்டுக்குச் சரி. துரு தின்று மூலை மழுங்கிய நட்டில் அது வழுக்கும். வாய் திறந்த ஸ்பேனரையும் ஸ்க்ரூ ஸ்பேனரையும் இந்த வேலைக்குக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. மூலை ஒரு தடவை உருண்டால் அதற்கப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருகாமல், முடுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்துவிட்டுத் திருப்பினால் துருவின் பிடி சீக்கிரம் விடும். நைலான் வளையம் வைத்த நட்டாக இருந்தால் கடைசி மரை வரைக்கும் கனமாகத்தான் வரும். அதைத் துரு என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

நட் போனதும் போல்ட் தலையில் ஸ்பேனரைப் போட்டேன். திரும்பியது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி இறுகியது. கையை எடுத்தேன். ஸ்பேனர் தானாகவே பழைய இடத்துக்கு மெல்லத் திரும்பி வந்தது.

புதூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஸ்பேனரைத் தொடக்கூட இல்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு காதுக்கும் நடுவே விரலை விட்டு ரப்பர் மேல் வைத்துக்கொண்டார். “இப்பத் திருப்புங்க தம்பி” என்றார். திருப்பினேன். “ரப்பர் முறுக்குது. விட்டா திரும்புது. போல்ட்டு காதுல இல்ல, உள்ள பைப்புல புடிச்சிருக்கு. நீங்க எவ்வளவு திருகுனாலும் ரப்பரைத்தான் முறுக்கிக்கிட்டு இருப்பீங்க.”

அந்த விரல் வைத்துப் பார்த்ததுதான் மொத்த வேலையின் திருப்பம். ரப்பர் நடுவில் இருக்கும்வரை ஸ்பேனரில் கொடுக்கிற பலம் துருவைப் போய்ச் சேராது. ரப்பர் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்துவிடும். பைப் மாட்டி ஸ்பேனரை நீட்டினாலும் அதே கதைதான்; மிஞ்சிப்போனால் போல்ட் தலை முறியும். போல்ட் தலை ஸ்பேனரோடு திரும்பாமல் கல் மாதிரி நின்றிருந்தால் காதுத் துளையில் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் வேறு.

“அப்ப அடிச்சு எடுத்துரலாமாண்ணே?” என்று கேட்டேன். அடிக்கலாம், ஆனால் எதன் மேல் அந்த அடி போய் இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். நட் பக்கமிருந்து அடித்தால் போல்ட்டோடு ஸ்லீவும் சேர்ந்து நகரப் பார்க்கும். ஸ்லீவ் போய் மோதுவது மறுபக்கத்துக் காதில். அந்தக் காது வெறும் தகடு. பத்து அடியில் அது வெளியே விரிந்துவிடும். விரிந்த காதைத் திரும்ப அடித்து நேராக்கினால் வெல்டிங் பற்று வைத்த இடத்தில் விரிசல் விட வாய்ப்பிருக்கிறது. அப்புறம் ஸ்விங் ஆர்மே மாற்ற வேண்டும். ஆகவே அடிப்பதென்றால் மறுபக்கக் காதுக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். போல்ட் தலை உள்ளே போகிற அளவு அகலமான பைப் துண்டை அந்தத் தலையைச் சுற்றிக் காதின் மேல் வைத்து, பின்னால் ஒரு கனமான சுத்தியலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம், நட்டைப் போல்ட் முனைக்குச் சமமாக ஏற்றி வைத்துவிட்டுத்தான் அடி. அப்போதுதான் மரை நசுங்காது. அடிக்கவே பிடிக்காதவர்கள் அதே பைப் துண்டை வைத்து சி கிளாம்ப்பால் அமுக்கிப் பார்க்கலாம். சத்தமில்லாத முறை, காதுக்கும் நல்லது.

இந்த இடத்தில் எண்ணெய் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துரு என்றதும் எல்லாரும் தேடுவது டபிள்யூடி-40 டப்பாவை. அது 1953-இல் சான் டியேகோவில் உருவானது. ஈரத்தை விரட்டி உலோகத்தைக் காப்பாற்றுவதற்காக. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் ஆரம்பத்தில் பயன்பட்டது. துரு வராமல் தடுக்க நல்ல பொருள். வந்த துருவுக்குள் ஊடுருவ, அதற்கென்றே விற்கிற எண்ணெய் இன்னும் மேல். நம் பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும்தான் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. மெல்லியவை என்பதால் அவையும் வேலை செய்யும், நேரம்தான் கூட ஆகும். எந்த எண்ணெயானாலும் ஊற்றிவிட்டு உடனே திருகுவதில் பயனில்லை. ஊற்றி, போல்ட் தலையில் லேசாகத் தட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மறுபடி ஊற்றித் தட்ட வேண்டும். தட்டுகிற அதிர்வில் துருவில் நுண்ணிய கீறல் விழும். எண்ணெய் அந்த வழியாக இறங்கும். நானும் சில நாள் அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். காதுத் துளைகளில் இருந்த துரு அதில் இளகியது. ஸ்லீவின் நடுப்பகுதிக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை. இரண்டு முனையையும் துரு அடைத்திருந்தால் எந்த எண்ணெயும் சேராது.

சரி, சூடு? இரும்புப் போல்ட் அலுமினியத்துக்குள் மாட்டியிருந்தால் சூடு மாதிரி மருந்து கிடையாது. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெளியே இருக்கும் அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை அகன்று போல்ட்டை விட்டுவிடும். இஞ்சின் கேசிங்கிலும், ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் அலுமினிய லிங்க்கேஜ் உள்ள பெரிய வண்டிகளிலும் இதுதான் வழி. அங்கே பிடித்திருப்பது சிவப்புத் துரு இல்லை, அலுமினியத்தின் வெள்ளைப் பொடி. ஆனால் ஷாக்கின் அடியில் கேஸ் வெல்டிங் தீயைக் காட்ட நான் யாரையும் விட மாட்டேன். ரப்பர் எரியும் புகை ஒருபுறம் இருக்கட்டும். பல ஷாக்குகளில் எண்ணெயோடு அழுத்தத்தில் நைட்ரஜனும் அடைத்திருக்கிறது. மேலே பெட்ரோல் டேங்க், பக்கத்திலேயே ஊடுருவும் எண்ணெயில் ஊறிய துணி. பட்டறைக்காரர் ‘ரெண்டு நிமிசம் காட்டுனா போதும்’ என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக் அண்ணன் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு முழு வழியையும் திறந்துவிட்டது. “தம்பி, இதுல எது குப்பைக்குப் போகப்போகுது?” ஷாக் போகப்போகிறது. அதோடு அதன் வளையம், ரப்பர், ஸ்லீவ் எல்லாம் போகப்போகிறது. போல்ட்டும் எப்படியும் புதுசுதான். காப்பாற்ற வேண்டியது ஸ்விங் ஆர்மும் அதன் இரண்டு காதுகளும் மட்டுமே. “அப்புறம் என்னத்துக்குக் காதை அடிக்கிறீங்க? ஷாக்கை வெட்டுங்க.”

ஷாக்கை வெட்டுவது என்றால் உடம்பை இல்லை. வாயுவும் எண்ணெயும் இருக்கிற உருளையில் பிளேடே படக் கூடாது. அடி வளையம் கெட்டியான உலோகம், அதில் வாயுவோ எண்ணெயோ கிடையாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபிரேமுக்கு அடியிலும் முட்டுக் கொடுத்து, பின் சக்கரத்தைக் கழற்றினோம். இப்போது பின்னாலிருந்து வளையம் தெளிவாகத் தெரிந்தது. முதலில் மேல் போல்ட்டை உருவி ஷாக்கை ஆட்டிப் பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்தோம். அது சுலபமாகவே வந்தது. ஷாக்கின் சுருள் அதன் உடம்பிலேயே பூட்டி நிற்பதால், போல்ட்டை எடுத்தால் துள்ளி வரும் என்ற பயம் வேண்டாம்.

அப்புறம் ஆக்சா பிளேடு. சட்டகம் உள்ளே போகாத இடம் என்பதால் பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, வளையத்தின் பின்பக்கத்தை அறுக்க ஆரம்பித்தேன். கிரைண்டர் வைத்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் காதுக்கும் வளையத்துக்கும் இடையே இருந்தது ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் தடிமன். அங்கே சுற்றுகிற வீல் கொஞ்சம் சாய்ந்தால் எதைக் காப்பாற்ற நினைத்தோமோ அதையே அறுத்துவிடும். பிளேடு மெதுவானது, சொன்ன இடத்தில் நிற்கும். பின்பக்கம் ரப்பர் தெரிகிறவரை ஒரு வெட்டு, முன்பக்கம் அதே உயரத்தில் ஒரு வெட்டு. முன்பக்கம் கை போக இடமில்லாமல் விரல் கணுவெல்லாம் சிராய்த்தது. இரண்டாவது வெட்டு முடிந்ததும் வளையத்தின் கீழ்ப்பாதி தரையில் விழுந்தது. மிச்ச ரப்பரைக் கத்தியால் கீறியதும் ஷாக் மேலே எழும்பி வந்துவிட்டது.

இப்போது இரண்டு காதுகளுக்கும் நடுவில் வெறும் ஸ்லீவ் மட்டும், ரப்பர்த் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, அதற்குள் போல்ட். பூட்டிக்கொள்ளும் கிரிப் பிளேயரால் ஸ்லீவை இறுக்கிப் பிடித்தேன். அண்ணன் போல்ட் தலையில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டார். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. முடுக்கும் பக்கம் ஓர் அழுத்து அழுத்தி, கழற்றும் பக்கம் இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். காதால் கேட்டதைவிடக் கையில் நன்றாகத் தெரிந்தது. ஸ்லீவின் இரண்டு முனையிலிருந்தும் செம்மண் நிறத்தில் மெல்லிய பொடி கொட்டியது. அப்புறம் எண்ணெய் விட்டு விட்டு, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, போல்ட் ஸ்லீவை விட்டு வெளியே வந்தது. அடி இல்லை, தீ இல்லை. காதுகள் இரண்டும் பழையபடியே நேராக நின்றன.

வந்த போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். நட் பக்கத்து மரை புதுசு மாதிரி இருந்தது. தலைக்கு அடியிலும் பளபளப்பு மிச்சம் இருந்தது. நடுவில் மட்டும், ஸ்லீவுக்குள் இருந்த இடத்தில், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்து, விரலால் தடவினால் இடுப்பு சிறுத்தது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்து ‘நட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் ஏன் அர்த்தமில்லை என்று அந்தப் போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும். சித்தப்பா அதை வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை நம்பியாடா பாம்பன் ரோட்டுல உன் சித்தியை வச்சு ஓட்டிட்டு இருந்தேன்” என்றார்.

இரண்டு பக்கமும் ஷாக் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு தனிப் பத்தி. அந்த வண்டிகள் பலவற்றில் மேலே போல்ட் இருக்காது. ஃபிரேமிலேயே பற்றவைத்த ஸ்டட் என்னும் தலையில்லாத மரைக் கம்பி இருக்கும், அதன் மேல் குமிழ் நட். ஸ்டட் முறிந்தால் வேலை ஃபிரேமில் என்பதால் அங்கே பலத்தைக் காட்டவே கூடாது. ஒரு வசதி, வாசரை எடுத்தால் ரப்பர் முழுசாகத் தெரியும். நாலு எம்எம் பிட்டால் ரப்பரைச் சுற்றித் துளைபோட்டு, கத்தியால் இணைத்துவிட்டால் ஷாக் தனியே வந்துவிடும். டிரில்லை மெதுவாக ஓட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் பிட்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டட்டில் ஒட்டிய ஸ்லீவை நீளவாக்கில் ஆக்சா பிளேடால் அறுக்கலாம். அடியில் காகித அளவு மிச்சம் வைத்து நிறுத்தி, வெட்டிய கோட்டில் சின்ன உளியை வைத்துத் தட்டினால் ஸ்லீவ் பிளந்து விட்டுவிடும். பிளேடு ஸ்டட்டைத் தொடக் கூடாது, அதுதான் ஒரே கவனம்.

போல்ட் உள்ளேயே முறிந்துவிட்டால்? நேராக நல்ல வெல்டிங்காரரிடம் போங்கள். முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து உள்ளே பற்று வைப்பார். பற்றின் சூட்டில் துரு விடும், நட் பிடித்துத் திருப்பக் கிடைக்கும். முறிந்த போல்ட்டில் துளைபோட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை வைத்து வீட்டில் முயற்சி செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடவே தொடாது.

புதிய போல்ட் வாங்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதாது. எங்கள் வண்டிப் போல்ட் 10 எம்எம், மரையின் இடைவெளி 1.25 எம்எம். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் இதுதான் அதிகம். ஹார்டுவேர் கடையில் 10 எம்எம் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 1.5 இடைவெளி. முதல் இரண்டு மரை ஏறும், மூன்றாவதில் இறுகும், அதற்கு மேல் பலமாக முடுக்கினால் நட்டின் மரை போகும். கடையிலேயே ஓர் அடையாளம் உண்டு: வண்டிப் போல்ட்டின் தலைக்கு 14 ஸ்பேனர் சேரும், கடைப் போல்ட்டுக்கு வழக்கமாக 17 வேண்டும். தலையில் பொறித்த எண்ணையும் பாருங்கள். 8.8 என்றிருந்தால் அது 800 மெகாபாஸ்கல் வரை இழுவை தாங்கும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீண்டுபோகாமல் நிற்கும். எண்ணே இல்லாத போல்ட் சன்னல் கம்பிக்குச் சரி, ஷாக்குக்கு ஆகாது. துருவே வராது என்று சொல்லி ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் கொடுக்க வருவார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் 700 மெகாபாஸ்கல்தான் தாங்கும். ஸ்டெயின்லெஸ் நட்டோடு சேர்ந்தால் மரையில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் ஆவியூரில் வண்டிகளுக்கான உயர்ரகப் போல்ட் செய்யும் பெரிய ஆலையே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எண் பொறிக்காத போல்ட்டைப் போட வேண்டிய அவசியமில்லை. நான் வண்டிக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பார்ட் நம்பர் சொல்லியே வாங்கினேன்.

மாட்டுவது சீக்கிரம் முடிந்தது. காதுத் துளைகளை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் பெயின்ட் தொட்டு வைத்தேன். போல்ட்டின் நடுப்பகுதியிலும் ஸ்லீவுக்குள்ளும் தண்ணீருக்குக் கரையாத கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினேன். மரையைத் துடைத்து உலர்வாக விட்டேன். அதற்குக் காரணம் உண்டு. நட்டை முடுக்குகிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது, மிச்சமெல்லாம் உராய்வில் போகிறது. மரையில் கிரீஸ் பட்டால் உராய்வு குறையும்; புத்தகத்தில் போட்ட அதே டார்க்கில், அதாவது அதே திருகு விசையில், போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மரையிலும் தடவியே தீர வேண்டும் என்பவர்கள் டார்க்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி முடுக்கை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது கொடுக்காதீர்கள். போல்ட்டை முடுக்கியதும் ஸ்லீவ் காதுகளுக்கு நடுவே பூட்டிக்கொள்ளும், அதற்குமேல் அசைவெல்லாம் ரப்பரில்தான். சக்கரம் தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, சித்தப்பாவைச் சீட்டில் உட்காரச் சொல்லி, அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் போட்டேன்.

இனி வருஷா வருஷம் புரட்டாசியில், அடைமழை தொடங்கும் முன், இந்த ஒரு போல்ட்டை மட்டும் உருவித் துடைத்துக் கிரீஸ் வைத்துப் போடுவதாக இருக்கிறேன். அதிக நேரம் பிடிக்காத வேலை. சர்வீஸ் விடுகிற இடத்தில் “தம்பி, ஷாக் அடியில கன்னை வைக்காதீங்க, பக்கெட் தண்ணியில கழுவுனா போதும்” என்று சொல்லியே விடுகிறேன். அவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பழைய ஷாக்கைப் பழைய இரும்புக் கடையில் போட்டபோது, உள்ளே வாயு இருக்கிறது, அறுக்கவோ தீயில் போடவோ கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சாக்பீஸை எடுத்து அதன் மேல் ‘கேஸ்’ என்று எழுதித் தனியே ஒதுக்கி வைத்தார்.